வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறப்பது எப்படி? (கோத்தகிரி – குன்னூர், கரண்ட் போய்ப் போய் வரும் இடம்)

மலைக்கணக்கு · திங்கள், இரவு 9.52

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கணக்கு பார்க்கிறேன். வீடு குன்னூரில். இருபது கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் ஐப்பசி மழையில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லீஃப் (பச்சைத் தேயிலை) வண்டிகள் எல்லாம் வந்து எடை போட்டு முடிய இரவு ஏழு மணி ஆகிவிடும். அதற்கப்புறம்தான் அன்றைய எடைச்சீட்டுகளை விவசாயி வாரியாக ஏற்ற முடியும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஒரு சீட்டு விட்டுப்போனாலும் மாதக் கடைசியில் ஒரு குடும்பத்தின் பணம் குறையும். அதனால் மறுநாளைக்குத் தள்ளவும் மனம் வராது. எட்டரைக்குக் கிளம்பினால் பனிமூட்டத்தில் பைக் வெளிச்சம் நாலடிக்கு மேல் போவதில்லை. போன வாரம் ஒரு வளைவில் காட்டெருமை நடு ரோட்டில் நின்றது. பிரேக் பிடித்து நின்றபோது அதன் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தேன். அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது, இரவில் தனியே விட முடியவில்லை.

முதலாளியிடம் கேட்டேன், வீட்டிலிருந்தே செய்துகொள் என்று சொல்லிவிட்டார். ஆபீஸில் விண்டோஸ் 11 ப்ரோ, ஃபைபர் லைன். வீட்டில் பழைய லேப்டாப், விண்டோஸ் 11 ஹோம், மொபைல் ஹாட்ஸ்பாட். ஒரு வீடியோ பார்த்து ஆபீஸ் ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டேன். வீட்டிலிருந்து முயன்றால் இணையவே இல்லை. எங்கே தப்பு?

ரோஜாத்தோட்டம் · திங்கள், இரவு 10.05

தூரத்துக் கம்ப்யூட்டரின் திரையை இங்கிருந்தே இயக்கும் எனிடெஸ்க் போட்டுவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆபீஸ் வேலைக்கு என்றால் காசு கட்டித்தான் பயன்படுத்த வேண்டும். இலவசம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். டீம்வியூவரும் அப்படித்தான்.

லவ்டேல் · திங்கள், இரவு 10.31

மலைக்கணக்கு, நீங்கள் திறந்த அந்த 3389-ஐ முதலில் மூடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

மூடியாயிற்றா? சரி. இணையாமல் போனது உங்கள் நல்ல நேரம். 3389 என்பது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் காத்து நிற்கும் வாசல் எண். உலகத்தில் இருக்கும் எல்லா ஐபி முகவரிகளையும் அந்த எண்ணில் தட்டிப் பார்ப்பதற்கென்றே இராப்பகலாகப் புரோகிராம்கள் ஓடுகின்றன. அது கோத்தகிரியில் இருக்கும் சின்ன ஃபாக்டரியா, பெரிய கம்பெனியா என்று அவை பார்ப்பதில்லை. கதவு திறந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. விண்டோஸ் 7, சர்வர் 2008 இருந்த கம்ப்யூட்டர்களில் பாஸ்வேர்டே இல்லாமல் இந்த வாசல் வழியாக உள்ளே நுழைய முடிந்தது. ஆதரவு முடிந்து வருடக்கணக்கான விண்டோஸ் எக்ஸ்பிக்கும் கூட மைக்ரோசாஃப்ட் அப்போது ஓட்டையை அடைக்கும் பேட்ச் கொடுத்தது. அவ்வளவு பயம்.

இனி உங்களுக்கு ஏன் இணையவில்லை என்பது. ஆபீஸ் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வான் ஐபி (WAN IP, ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், அது உங்களுக்கே உங்களுக்கான பொது முகவரி இல்லை. எஸ்டேட்டின் லயன் என்ற வரிசை வீடுகள் அத்தனைக்கும் சேர்த்து முகப்பில் ஒரே தபால் பெட்டி வைத்தது போல, பல இணைப்புகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்து கடிதம் போடலாம், பதிலும் வந்து சேரும். வெளியே இருந்து ஒருவர் புதிதாகத் தேடி வந்தால் எந்த வீடு என்று பெட்டிக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அதற்கு முன்னால் இருக்கும் அவர்களுடைய பெட்டி திறக்காது. மொபைல் ஹாட்ஸ்பாட்டும் இதே கதைதான்.

அதனால் வெளியிலிருந்து உள்ளே வருவதை விட்டுவிடுங்கள். இரண்டு கம்ப்யூட்டர்களும் உள்ளேயிருந்து வெளியே போய், நடுவில் ஒன்றையொன்று கண்டுபிடித்து, தங்களுக்குள் ஒரு மூடிய சுரங்கம் போட்டுக்கொள்ளட்டும். டெயில்ஸ்கேல் என்ற சாஃப்ட்வேர் அதைத்தான் செய்கிறது. அடியில் ஓடுவது வயர்கார்ட் என்ற சுரங்க முறை. 2020 மார்ச்சில் லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளப்பட்ட, நம்பகமான சங்கதி. ரவுட்டரில் எதையும் தொட வேண்டாம். ஃபாக்டரி உபயோகம் என்பதால் முதலாளியிடம் சொல்லிக் கட்டணத் திட்டத்தையே வாங்குங்கள்.

இரண்டிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழையுங்கள். கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் வைக்கவும். அப்புறம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் போய் ஆன் செய்யுங்கள். ஆபீஸில் ப்ரோ இருப்பது நல்லதாயிற்று, ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது. வீட்டு லேப்டாப் ஹோமாக இருப்பதில் சிக்கல் இல்லை. அது போய்ப் பார்க்கிற பக்கம்தானே. அங்கே ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து, டெயில்ஸ்கேல் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த எண்ணைப் போடுங்கள். அந்த எண்ணும் 100 என்றுதான் தொடங்கும். மேலே சொன்ன வான் ஐபியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், வரிசை ஒன்றுதான், வேலை வேறு.

ஒட்டுப்பட்டறை_பையன் · செவ்வாய், காலை 7.40

அக்கா, இவ்வளவு சுற்று எதற்கு? போர்ட் எண்ணை மாற்றினால் போதாதா? எங்கள் கடையில் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத சொந்த முகவரி) வாங்கி, 3389-க்குப் பதிலாக 45000-க்கு மேல் ஒரு எண் வைத்து மூன்று வருடமாக ஓட்டுகிறோம். ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

லவ்டேல் · செவ்வாய், காலை 8.15

வந்ததில்லை என்று எப்படித் தெரிந்தது தம்பி? கடைக்குப் போனதும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டி என்று போய், 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். தோற்றுப்போன ஒவ்வொரு நுழைவு முயற்சியும் அந்த எண்ணில்தான் பதிவாகும். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

ரோஜாத்தோட்டம் · செவ்வாய், காலை 9.02

அக்கா சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வேண்டிய ஒருவர் ஊட்டியில் சின்ன லாட்ஜ் நடத்துகிறார். மே மாத சீசன் உச்சத்தில் ஒரு காலை வந்து பார்த்தால் புக்கிங் ஃபைல், பில் ஃபைல் எல்லாவற்றின் பெயருக்கும் பின்னால் ஏதோ எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒன்றும் திறக்கவில்லை. டெஸ்க்டாப்பில் பணம் கேட்டு ஒரு குறிப்பு. அவரும் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கத்தான் போர்ட் திறந்து வைத்திருந்தார். பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் எப்போதும் அதே கம்ப்யூட்டரில் மாட்டியே இருந்ததால் அதுவும் போயிற்று. முன்பணம் கட்டிய ஆட்கள் யார் யார் என்றே தெரியாமல், வந்து நின்றவர்களுக்கெல்லாம் அறை கொடுத்து அந்த மாதத்தைக் கடந்தார். பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

ஒட்டுப்பட்டறை_பையன் · செவ்வாய், மதியம் 1.20

பார்த்தேன் அக்கா. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு நாலைந்து. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர், அக்கவுண்ட்ஸ், ரிசப்ஷன் என்று பெயர் பெயராகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். லாக் நிரம்பிப் பழையது அழிந்துவிடுவதால் நான்கு நாளுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்கவும் வழியில்லை. மூடிவிட்டேன். கடை அண்ணாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்பதால் கடையில் இருக்கும் எல்லா பாஸ்வேர்டையும் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

லவ்டேல் · செவ்வாய், மதியம் 1.45

நல்ல காரியம். எண்ணை மாற்றினால் தட்டுகிறவர்கள் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கிற புரோகிராம்களும் இருக்கின்றன. 4624 என்ற எண்ணையும் வடிகட்டிப் பாருங்கள். அது வெற்றி பெற்ற நுழைவு. அதில் லாகான் டைப் 10 என்று இருப்பதெல்லாம் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தவை. அவற்றில் உங்கள் ஆட்கள் இல்லாத நேரம் எதுவும் இல்லை என்றால் நிம்மதி.

மலைக்கணக்கு · செவ்வாய், இரவு 10.10

அக்கா, 3389-ஐ மூடிவிட்டேன். நீங்கள் சொன்னது போலவே வான் ஐபி 100.70-க்கும் 100.79-க்கும் நடுவில் ஒன்றில் தொடங்குகிறது (முழு எண்ணைப் போடவில்லை). இரண்டிலும் டெயில்ஸ்கேல் நிறுவி, ஒன்றுக்கொன்று பச்சை விளக்கு காட்டுகிறது. ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்ட் தவறு என்கிறது. தினமும் அடிக்கும் அதே நான்கு எண்ணைத்தான் போடுகிறேன்.

லவ்டேல் · செவ்வாய், இரவு 10.22

அது பாஸ்வேர்ட் இல்லை, பின் நம்பர் (PIN). அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் பின் நம்பர் செல்லும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பயனர் பெயர் உங்கள் மின்னஞ்சல், பாஸ்வேர்ட் அந்தக் கணக்கினுடையது. இந்த இடத்தில் மாட்டாதவர்களை நான் பார்த்ததில்லை. இன்னொன்று, பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால் ரிமோட்டில் உள்ளேயே விடாது. பத்து முறை தவறாகப் போட்டால் பத்து நிமிடம் பூட்டிவிடும், அவசரப்பட வேண்டாம்.

ஃபாக்டரிக்கென்று வெறும் கணக்கு வேலைக்கு ஒரு தனிப் பயனரை, அட்மின் அதிகாரம் இல்லாமல், நீளமான பாஸ்வேர்டோடு உருவாக்கிக்கொள்வது இன்னும் நல்லது.

மலைக்கணக்கு · புதன், இரவு 8.35

வந்துவிட்டது! கோத்தகிரி ஆபீஸ் திரை குன்னூரில் என் சாப்பாட்டு மேஜையில். மேலே ஒரு நீலப் பட்டை, அதில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் பெயர். எடைச்சீட்டுகளை ஃபாக்டரி பையன் வரிசையாகப் போட்டோ எடுத்து அனுப்ப, நான் இங்கே இருந்து ஏற்றினேன். அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஹாட்ஸ்பாட்தான், ஆனாலும் தட்டச்சு செய்த எழுத்து உடனே வருகிறது. நான் வேலை செய்யும்போது ஆபீஸ் மானிட்டரில் பூட்டிய திரைதான் தெரிகிறதாம். சம்பளப் பட்டியல் திறக்கும்போது அது பெரிய நிம்மதி.

ரோஜாத்தோட்டம் · புதன், இரவு 8.50

ஆமாம், எனிடெஸ்க் மாதிரியானவற்றில் நீங்கள் செய்வதை அங்கே நிற்பவர் எல்லாம் பார்க்கலாம், மவுஸ் தானாக நகர்வது தெரியும். அதை மறைக்கத் தனியாக வழி செய்ய வேண்டும்.

லவ்டேல் · புதன், இரவு 9.15

சந்தோஷம். வேகத்துக்கு ஒரு குறிப்பு: இணைக்கும் ஜன்னலில் எக்ஸ்பீரியன்ஸ் என்ற பகுதியில் வால்பேப்பர், அனிமேஷன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மழை நாளில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கினாலும் கணக்கு வேலை ஓடும்.

மேலே இருக்கும் பட்டையில் பெருக்கல் குறியை அழுத்தினால் இணைப்பு மட்டும்தான் துண்டிக்கும், அங்கே நீங்கள் திறந்து வைத்தது எல்லாம் அப்படியே இருக்கும். அதுதான் வேண்டும். பழக்க தோஷத்தில் ஸ்டார்ட் போய் ஷட் டவுன் கொடுத்துவிடாதீர்கள். ஸ்லீப் என்பதையும் நெவர் என்று வைத்துவிடுங்கள்.

ஆபீஸ் ஃபைலை வீட்டு லேப்டாப்பில் நேரடியாகத் திறக்கும் ஆசையும் வேண்டாம். நெட்வொர்க் ஃபோல்டராக இணைத்து, கணக்கு சாஃப்ட்வேரை இங்கே ஓட்டினால் நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெட்டுப்போகும். ரிமோட் டெஸ்க்டாப்பில் வருவது படம் மட்டும்தான். லைன் அறுந்தாலும் அங்கே எழுதியது எழுதியபடி இருக்கும். உங்கள் சாஃப்ட்வேரின் உரிமம் ரிமோட் செஷனில் ஓட இடம் கொடுக்கிறதா என்று மட்டும் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊட்டி_வரி · வியாழன், காலை 11.05

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நானும் இதே போல வைத்திருக்கிறேன். ஒரு கம்பெனி கிளையன்ட்டின் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போட வேண்டும். டோக்கன் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் குத்தியிருக்கிறது. நேரில் உட்கார்ந்தால் தெரிகிறது, ரிமோட் டெஸ்க்டாப்பில் போனால் டோக்கனே இல்லை என்கிறது. இரண்டு நாளாகத் தலை வெடிக்கிறது.

லவ்டேல் · வியாழன், காலை 11.40

சார், அது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. ரிமோட் டெஸ்க்டாப் செஷனுக்குள் ஸ்மார்ட் கார்டு (விண்டோஸுக்கு உங்கள் டோக்கனும் அதுதான்) என்றால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் குத்தியிருப்பதைத்தான் பார்க்கும். கையெழுத்து போடுகிறவர் கையில்தான் கார்டு இருக்க வேண்டும் என்ற கணக்கு. டோக்கனை வீட்டு லேப்டாப்பில் குத்தி, இணைக்கும் ஜன்னலில் லோக்கல் ரிசோர்சஸ் பகுதியில் ஸ்மார்ட் கார்டு என்பதை டிக் செய்துவிட்டுப் போங்கள், ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரியும். டோக்கனின் டிரைவர் ஆபீஸ் பக்கம் அவசியம், வீட்டிலும் போட்டுவிடுங்கள்.

குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ரஸ்ட்டெஸ்க் போன்றவை அங்கே இருக்கும் திரையையே காட்டுவதால் ஆபீஸில் குத்திய டோக்கன் அவற்றில் வேலை செய்யும். ஆனால் ஒருவரின் கையெழுத்தை யாருமில்லாத அறையில் இரவெல்லாம் குத்தி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது கிளையன்ட்டின் கையெழுத்து, செக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு மேஜையில் விட்டுப்போவதற்குச் சமம்.

ஊட்டி_வரி · வியாழன், மதியம் 3.30

டோக்கனை வீட்டுக்கு எடுத்து வந்து குத்தினேன், வந்துவிட்டது. நன்றி மேடம். மற்ற பார்ட்னர்ஷிப் கிளையன்ட்டுகளுக்கு ஓடிபியே போதும் என்பதால் இவ்வளவு நாள் இது தெரியவே இல்லை. டோக்கனைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரி. இனிமேல் வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறேன்.

கூடலூர்_எழுத்து · வெள்ளி, காலை 10.20

நான் ஒரு பதிப்பகத்துக்குப் புரூஃப் பார்க்கிறேன். வீட்டிலிருந்து அவர்கள் கம்ப்யூட்டரில் தமிழ்99 விசைப்பலகையில் அடித்தால் எழுத்து கன்னாபின்னாவென்று விழுகிறது. அ அடித்தால் வேறு ஏதோ வருகிறது. இதற்கு வழி உண்டா?

லவ்டேல் · வெள்ளி, காலை 10.48

இரண்டு பக்கமும் தமிழ் விசைப்பலகை ஆனில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் இப்படிக் குழம்ப வாய்ப்புண்டு. வீட்டில் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு அங்கே மட்டும் தமிழ்99 வையுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தும்போது ரிமோட் ஜன்னல் முழுத் திரையில் இருக்க வேண்டும். சின்ன ஜன்னலாக இருந்தால் அந்த அழுத்தம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கே போய்விடும்.

கூடலூர்_எழுத்து · வெள்ளி, காலை 11.00

முழுத் திரைதான் விட்டுப்போன விஷயம் அக்கா. ஒரு மாதமாக ஒவ்வொரு பக்கத்தையும் இங்கே அடித்து நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மலைக்கணக்கு · ஞாயிறு, மாலை 6.15

சில நாள் நன்றாக ஓடியது. நேற்று இரவு காற்று மழையில் எங்கோ சில்வர் ஓக் மரம் லைன் மேல் விழுந்து ஃபாக்டரி பக்கம் கரண்ட் போய்விட்டது. விடியற்காலை வந்துவிட்டது. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டர் டெயில்ஸ்கேலில் சாம்பல் நிறமாகவே இருக்கிறது. வாட்ச்மேன் அண்ணாவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன், விளக்கு எரிகிறது, திரை ஓடுகிறது என்கிறார். கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஆனால் எனக்குக் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு மழையில் போய் வந்தேன். அங்கே போய் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே நுழைந்ததும் பச்சையாகிவிட்டது. எதனால் இப்படி?

லவ்டேல் · ஞாயிறு, மாலை 6.40

ஐயோ, இதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். விண்டோஸில் யாராவது உள்ளே நுழைந்த பிறகுதான் டெயில்ஸ்கேல் இணையும், முன்னிருப்பு அப்படி. கரண்ட் போய் வந்து கம்ப்யூட்டர் தானாக எழுந்தாலும் பூட்டிய திரையில் காத்துக்கொண்டிருக்கும், சுரங்கம் போடாது. கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதன் படத்தை வலது கிளிக் செய்து, பிரிஃபரன்சஸில் ரன் அனட்டெண்டட் என்பதை டிக் செய்யுங்கள். அதன்பின் யாரும் நுழையாமலே இணைந்துவிடும்.

கூடவே இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் சாவிக்கும் 180 நாள்தான் ஆயுள். அதற்குப் பிறகு மறுபடி நுழையச் சொல்லும். டெயில்ஸ்கேலின் அட்மின் பக்கத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து, ஏப்ரல் லீஃப் குவிகிற நேரத்தில், ஒரு நாள் திடீரென்று இணைப்பு போகும். லேப்டாப்புக்கு நிறுத்த வேண்டாம், தொலைந்தால் ஆபத்து.

குந்தா_லைன் · ஞாயிறு, இரவு 7.30

மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாஃப்ட்வேர் எனக்குத் தெரியாது, கரண்ட் தெரியும். 1932-லேயே பைக்காராவிலிருந்து கீழே சமவெளிக்கு மின்சாரம் அனுப்பிய மலை இது. ஆனாலும் மரமும் காற்றும் இருக்கிற வரைக்கும் லைன் அறுந்துகொண்டுதான் இருக்கும். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த மாதிரி நேரத்தில் கம்பத்தடிக்குப் போய்ச் சேரவே முடியாது. அதனால் கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்ய வேண்டும்.

தம்பி, உங்கள் கம்ப்யூட்டர் தானாக எழுந்தது அதிர்ஷ்டம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ் என்றோ, ஏசி பேக் என்றோ ஒரு வரி இருக்கும். அதைப் பவர் ஆன் என்று வையுங்கள். லாஸ்ட் ஸ்டேட் என்று இருந்தால், அணைத்த பிறகு கரண்ட் போனால் அணைந்தே கிடக்கும்.

யூபிஎஸ் வைத்திருந்தால் ஒரு சங்கடம் உண்டு. என் மகன் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. யூஎஸ்பி வயர் போட்டு, பேட்டரி குறைந்ததும் கம்ப்யூட்டர் ஒழுங்காக அணைவது போல வைத்திருந்தான். கம்ப்யூட்டர் அணைந்த பிறகும் யூபிஎஸ்ஸில் கொஞ்சம் உயிர் இருக்கும். அதற்குள் கரண்ட் வந்துவிட்டால், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. அதனால் எழாது. பயாஸிலேயே ஆர்டிசி அலாரம் என்று ஒன்று இருக்கிறது, தினமும் காலை ஏழு மணிக்கு எழு என்று வைத்துவிடுங்கள். இரவு என்ன நடந்தாலும், அந்த நேரத்தில் கரண்ட் இருந்தால் எழுந்துவிடும். சில மலிவான யூபிஎஸ் முழுதாகத் தீர்ந்த பிறகு கரண்ட் வந்தாலும் பட்டனை அழுத்தினால்தான் வரும். வாங்கும்போது கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து வாங்கவும்.

ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் தனியாக 12 வோல்ட் மினி யூபிஎஸ் போடுங்கள். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் அவற்றைச் சேர்க்க வேண்டாம். இடி மின்னல் நாளில் ஃபைபர் வழியாக மின்னல் வராது, ஆனால் அதன் அடாப்டர் வழியாக வரும். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய ஃபாக்டரி கட்டடங்களில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

மலைக்கணக்கு · ஞாயிறு, இரவு 8.05

ஐயா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. வேக் ஆன் லேன் என்கிறார்களே, வீட்டிலிருந்தே எழுப்ப முடியாதா?

லவ்டேல் · ஞாயிறு, இரவு 8.30

முடியும், நேரடியாக இல்லை. எழுப்பும் செய்தி என்பது அந்த நெட்வொர்க் கார்டின் முகவரியைப் பதினாறு முறை திருப்பித் திருப்பிச் சொல்லும் ஒரு சின்னப் பொட்டலம். அது ஆபீஸ் ரவுட்டருக்கு உள்ளேயிருந்து கிளம்ப வேண்டும். தூங்கும் கம்ப்யூட்டரில் டெயில்ஸ்கேல் ஓடாது அல்லவா? எப்போதும் விழித்திருக்கும் இன்னொன்று அங்கே வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டர் ஒன்று போதும், கொஞ்சம் கரண்ட்தான் எடுக்கும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்த வேண்டும், அது இருந்தால் அணைத்த கம்ப்யூட்டர் இந்தச் செய்திக்குப் பெரும்பாலும் எழாது. முதலில் ஐயா சொன்ன அலாரத்தை வையுங்கள். அது போதவில்லை என்றால் ராஸ்பெர்ரி பை.

மூஞ்சிக்கல் · திங்கள், காலை 9.10

கொடைக்கானலில் இருந்து. நான் வங்கியில் இருக்கிறேன். எங்கள் கிளைக் கம்ப்யூட்டரிலும் இப்படி டெயில்ஸ்கேல் போட்டுக்கொள்ளலாமா?

லவ்டேல் · திங்கள், காலை 9.18

வேண்டாம் சார். உங்கள் ஐடி பிரிவு கொடுக்கும் வழியைத் தவிர வேறு எதையும் நிறுவாதீர்கள். மற்றவர்கள் பணம் இருக்கும் இடம். மலைக்கணக்கு முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்தார் என்பதால்தான் நான் பதிலே எழுதினேன்.

ரோஜாத்தோட்டம் · திங்கள், காலை 9.40

இதோடு சேர்த்து வீட்டில் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன், கேஒய்சி காலாவதியாகிவிட்டது, எனிடெஸ்க் போட்டு எண்ணைச் சொல்லுங்கள் என்று போன் வரும். நாம் வேலைக்குப் பயன்படுத்தும் அதே கருவிதான், எண்ணைச் சொன்னால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும். ரிசர்வ் வங்கியே 2019-இல் இதைப் பற்றி எச்சரித்தது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு மீட்க வாய்ப்பு.

மலைக்கணக்கு · மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.25

தகவல் சொல்ல வந்தேன். ரன் அனட்டெண்டட் டிக் செய்தாயிற்று, சாவி ஆயுளை நிறுத்தியாயிற்று, பயாஸில் பவர் ஆன், காலை ஏழு மணி அலாரம், ரவுட்டருக்கு மினி யூபிஎஸ். எல்லாம் வைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரிக்குப் போய் நானே மெயினை அணைத்து, அரை மணி நேரம் கழித்துப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எழுந்து, யாரும் தொடாமலே என் மொபைலில் பச்சை விளக்கு வந்தது.

நேற்று முன்தினம் நிஜமாகவே மரம் விழுந்து இரவு எட்டு மணிக்கு இணைப்பு போயிற்று. பாதி சீட்டுகள்தான் ஏற்றியிருந்தேன். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலை ஆறே முக்காலுக்கு எழுந்து பார்த்தபோது சாம்பல் நிறம். ஏழு மணி இரண்டு நிமிடத்துக்குப் பச்சை. விட்ட சீட்டிலிருந்து தொடங்கி எட்டு மணிக்குள் முடித்தேன். கடைசியாக ஏற்றிய சீட்டு வரைக்கும் எல்லாம் பத்திரமாக இருந்தது.

ஒட்டுப்பட்டறை_பையன் · வெள்ளி, இரவு 9.50

அண்ணா, எங்கள் கடைக் கம்ப்யூட்டர் பழசு. பயாஸுக்குள் போக எந்த விசை என்றே தெரியவில்லை. எஃப்2, டெலீட் இரண்டையும் அழுத்திப் பார்த்தேன், நேராக விண்டோஸுக்கே போகிறது.

குந்தா_லைன் · வெள்ளி, இரவு 10.05

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் உள்ளேயிருந்தே போகலாம் என்று என் மகன் சொல்கிறான். ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். அந்த வரியே இல்லை என்றால் பெரும்பாலும் பழைய போர்டு, அப்போது எஃப்10, எஃப்12, எஸ்கேப் என்று ஒவ்வொன்றாகத்தான் முயல வேண்டும்.

ஒட்டுப்பட்டறை_பையன் · சனி, காலை 10.30

யூஇஎஃப்ஐ வரி இல்லை ஐயா. எஃப்10-இல் திறந்துவிட்டது. ஆஃப்டர் பவர் லாஸ் என்று இருந்தது, ஆஃப் என்பதை ஆன் ஆக்கிச் சேமித்துவிட்டேன். இப்போது பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கப் போகிறேன்.